ஒன்றும் செய்யாத எட்டுக்கால் பூச்சி

உங்கள் கையில் இருக்கும் பயிற்சிப் புத்தகத்தில் சிலந்திக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன். எது வலை பின்னும், எது பின்னாது, எந்த மூலையில் தேட வேண்டும், முட்டைப் பையை எப்படி எடுத்து அப்புறப்படுத்த வேண்டும், எல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறது. படங்களும் தெளிவாக இருக்கின்றன. திருத்துவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் இந்தத் தொழிலில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது அந்த நான்கு பக்கத்தில் இல்லாத ஒன்று. கேட்க நன்றாக இருக்காது. என் வீட்டில்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

பழவேற்காடு, காட்டூர், அனுப்பம்பட்டு என்று ஏரியைச் சுற்றியிருக்கும் ஊர்கள்தான் எனக்கு ஒதுக்கிய பகுதி. நெல் விளையும் ஊர்களில் கரையானுக்கும் எலிக்கும் கூப்பிடுவார்கள். கடலோரக் குப்பங்களில் பாதிக்குப் பாதி எட்டுக்கால் பூச்சிக்குத்தான் அழைப்பு வரும். அங்கே வீடுகள் சின்னவை. வலை, கயிறு, மிதவை, ஐஸ் பெட்டி எல்லாம் மனிதர்களோடு ஒரே கூரைக்குள் இருக்கும். ஐப்பசி மழை பிடித்ததும் பல்பைத் தேடி ஈசல் வரும், ஈசலைத் தேடி எட்டுக்கால் பூச்சி வரும். உள்ளங்கை அகலத்தில் ஒன்று சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் யாருக்குமே பயமாகத்தான் இருக்கும்.

தொழிலில் சிலர் அந்தப் பயத்தை வைத்தே பிழைத்தார்கள். “விஷப் பூச்சிம்மா, இன்னைக்கே அடிச்சாகணும்” என்று சொல்லி நாலு அறைக்கும் மருந்து அடிப்பார்கள். நான் அப்படிச் செய்ததில்லை. பூச்சியை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டாருக்குக் காட்டுவேன். “இது வலை கட்டாது. கரப்பானைத் தின்னும். கடிச்சா கொஞ்சம் வீங்கும், எரியும், அவ்வளவுதான். ஒண்ணும் பண்ணாது” என்பேன். வாசல் பல்பை மாற்றச் சொல்வேன், ஜன்னல் இடுக்கை அடைக்கச் சொல்வேன், ஒட்டடை அடிக்கச் சொல்வேன். மருந்தே அடிக்காமல் திரும்பி வந்த வீடுகள் நிறைய. மேனேஜர் திட்டுவார். ஜனங்களுக்கு என்மேல் மரியாதை இருந்தது. எனக்கும் என்மேல் இருந்தது. நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த மரியாதைதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

செல்வியின் வீட்டுக்கும் அப்படித்தான் முதலில் போனேன். அவளுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருடம். புருஷன் கன்னியப்பன் ஏரியில் இறால் வலை கட்டுபவன். அவனுடைய அக்கா கோவிந்தம்மா, பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் வாங்கிப் பொன்னேரி பக்கம் கூடையில் கொண்டுபோய் விற்பவள், அதே வீட்டில்தான் இருந்தாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கூடம், பின்னால் ஒரு அறை. அந்த அறையில் பாதி இடத்தை வலைக் குவியல் பிடித்துக்கொண்டிருந்தது. மிச்சத்தில் பாயை விரித்துப் புருஷனும் பெண்டாட்டியும் படுத்துக்கொள்வார்கள்.

சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னால் இருந்து பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்றைப் பிடித்தேன். வயிற்றுக்கு அடியில் பொத்தான் மாதிரி வெள்ளை முட்டைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தது. பாட்டிலைச் செல்வியின் கையில் கொடுத்தேன். முதலில் வாங்க மாட்டேன் என்றாள். பிறகு வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“இதுவும் புள்ளைய மடியில கட்டிகினுதான் சுத்துதா?” என்றாள்.

“ஆமாம்மா. அதான் வெளிய விட்டுடலாம்னு சொல்றேன்.”

“நீங்க சொன்னா சரிதான் சார். எனக்கு இனிமே பயமில்ல.”

அன்றைக்கு அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். வலைக் குவியலில் எலிப் புழுக்கை கிடந்ததையும் பார்த்தேன். கதவுக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குச் சந்து. எலி இருக்கும் இடத்துக்கு என்ன வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என்னைக் கூப்பிட்டது எட்டுக்கால் பூச்சிக்கு. அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அதே குப்பத்தில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்குக் கரையான் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணி. தரையோரம் துளை போட்டு முடித்து, டிரம்மில் மருந்தைக் கலந்து வைத்திருந்தேன். கன்னியப்பன் ஓடி வந்தான்.

“சார், ஒரு நிமிசம் வந்துட்டுப் போ சார். செல்விய அந்தப் பூச்சி கட்ச்சிடுச்சி போலக்கீது.”

போனேன். செல்வி வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடிகிற நேரத்தில் வலது கை சுண்டு விரலில் எறும்பு கடித்தமாதிரி சுருக்கென்று இருந்ததாம். எழுந்து விளக்கைப் போட்டிருக்கிறாள். பாய்க்குப் பக்கத்துச் சுவரில் எட்டுக்கால் பூச்சி. துடைப்பத்தால் அடித்துவிட்டாள். அடித்ததை ஒரு காகிதத்தில் எடுத்து எனக்காக வைத்திருந்தார்கள். நான் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதே வகைதான். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பூச்சியைப் பொறுத்தவரை நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

விரலைப் பார்த்தேன். ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று இருந்தமாதிரியும் இருந்தது, இல்லாதமாதிரியும் இருந்தது. வீக்கமில்லை, சிவப்பில்லை.

“வலிக்குதாம்மா?”

“வெரல்ல ஒண்ணும் இல்ல சார். வயிறுதான் முறுக்குது. ரெண்டு தபா வாந்தி எடுத்துட்டேன்.”

“ராத்திரி இன்னா சாப்ட்ட?”

“நண்டுக் கொழம்பு.”

“அதான்” என்றேன்.

கோவிந்தம்மா கூடையைக்கூட இறக்கிவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். “அதே நண்டத்தான் அண்ணா நாங்களும் தின்னோம். எங்களுக்கு ஒண்ணும் பண்லியே. இவ கண்ணப் பாரு, ஒரு மாதிரி கீது. ஆட்டோ புட்ச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய்ட்டா?”

செல்வியின் இமைகள் பாதி மூடியிருந்தன. விடியற்காலையிலிருந்து தூங்கவில்லை, அதனால்தான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அதை வாய்விட்டும் சொன்னேன். “தூக்கம்மா அது. எட்டுக்கால் பூச்சி கடிச்சு யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. சோப்புப் போட்டுக் கழுவிட்டு, மோர் குடிச்சுட்டுப் படுக்கட்டும்.”

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டும். எட்டுக்கால் பூச்சி கடித்தால் கடித்த இடம் எரியும், வீங்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இங்கே எரியவில்லை, வீங்கவில்லை. விரலில் இருக்க வேண்டியது இல்லாமல் வயிற்றிலும் கண்ணிலும் வேறு எதுவோ இருந்தது. ஆனால் காகிதத்தில் ஒரு பூச்சி இருந்தது. அது எனக்குத் தெரிந்த பூச்சி. எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். டிரம்மில் கலந்து வைத்த மருந்தும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கன்னியப்பனுக்கு அன்று பாடு. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் எந்த ஆள் எந்த நாளில் வலை கட்டலாம் என்று ஊரில் முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. ஒரு நாள் தவறினால் அடுத்த முறைக்குப் பல நாள் காத்திருக்க வேண்டும். அவன் பெண்டாட்டியையும் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

“போவலாமா சார்? நீ சொல்லு. வேணாம்னா நான் போவல.”

“போய்ட்டு வா. நான் ரெண்டு வீடு தள்ளித்தான இருக்கேன்” என்றேன்.

செல்வியும் கையை ஆட்டி, “போ, போ, தண்ணி மாறிடப் போவுது” என்றாள். அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். தண்ணீரில் விழுந்துவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவான். கோவிந்தம்மா மட்டும் போகவில்லை. கூடையை இறக்கிவைத்துவிட்டுச் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கரையான் வீட்டுக்குத் திரும்பினேன்.

பத்து மணி தாண்டியிருக்கும். கோவிந்தம்மா வந்து வாசலில் நின்றாள். அவள் கத்தவில்லை. “அண்ணா, டீ குட்த்தேன். மூக்கு வழியா வருது” என்றாள்.

கையில் இருந்த குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். செல்வி சுவரில் சாய்ந்து கிடந்தாள். கண் முழுக்க மூடியிருந்தது. ஆனால் நினைவு இருந்தது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் விரலால் தன் இமையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “சார், கண்ணு தொறக்கல” என்றாள். மூக்கால் பேசுகிறமாதிரி குரல் குழறியது.

என்னுடைய முதல் வருடத்தில் இப்படித்தான் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குள் வரும் பாம்புகளைப் பற்றி ஒருவர் சொன்னார். கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கும், வலி இருக்காது, தடம் தெரியாது, காலையில் வயிற்று வலி என்பார்கள், பிறகு இமை விழும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும் என்றார். அன்று நான் எழுதி வைத்துக்கொண்ட வரிசை அது. அந்த வரிசை ஏழரை மணிக்கே என் முன்னால் உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்குத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

“பாம்பு” என்றேன். கோவிந்தம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் காத்திருப்பதா, என் வேனிலேயே போவதா? வேனில் போவதென்று முடிவு செய்தேன். அது சரியான முடிவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மருந்து டிரம்களை வாசலில் உருட்டித் தள்ளிவிட்டு, பின்னால் பாயை விரித்துச் செல்வியைக் கிடத்தினோம். டிரைவர் அன்று வரவில்லை, நானே ஓட்டினேன். ஏரிப் பாலத்தில் ஏறும்போது பின்னாலிருந்து கோவிந்தம்மா தட்டினாள்.

“அண்ணா, மூச்சு நின்னு நின்னு வருது. ஜல்தியா போ.”

பாலத்தில் பாதி போயிருப்போம். மறுபடியும் தட்டினாள். “வரல அண்ணா.”

வண்டியை நிறுத்தி வாயோடு வாய் வைத்து ஊதியிருக்க வேண்டும். கட்டுவிரியன் கடியில் மூச்சை மட்டும் யாராவது விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் பிழைத்துவிடலாம் என்று அப்புறம் டாக்டர் சொன்னார். எனக்கு ஊதத் தெரியாது. கோவிந்தம்மாவுக்கும் தெரியாது. அவள் முந்தானையால் விசிறினாள். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தபோது அவள் செல்வியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “வந்துட்டோம்டி, வந்துட்டோம்டி” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். குழாய் போட்டார்கள், பையை அமுக்கி மூச்சு கொடுத்தார்கள், பாம்பு விஷத்துக்கான மருந்து ஏற்றினார்கள். முக்கால் மணி நேரம் முயன்றார்கள். செல்விக்கு மூச்சு திரும்பவில்லை. பிறகு அந்த டாக்டர் வெளியே வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

“யாரு முதல்ல பார்த்தது?”

“நான்தான் டாக்டர்.”

“எத்தனை மணிக்கு?”

“ஏழரைக்கு.”

எழுதிக்கொண்டார். சுவரில் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். “அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா...” என்று நான் ஆரம்பித்தேன். “அதை என்கிட்ட கேட்காதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கன்னியப்பனுக்குச் சொல்ல ஏரிக்குள் ஒரு படகு போனது. அவன் வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. அன்று இறால் நன்றாக விழுந்திருந்தது. கூடை நிறைய இருந்ததை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனான். சாயங்காலம் வரை அதை யாரும் எடுக்கவில்லை. வெயிலில் இறால் சிவந்து நாறிப்போனது.

மறுநாள் பின் அறையில் இருந்த வலைகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். அடியில் சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம், இரண்டு முழம்கூட இருக்காது. அடித்துக் கொன்றார்கள். நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். கன்னியப்பன் என்னிடம் வந்தான். நான் எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“நீ இன்னா சார் பண்ணுவ? பூச்சினு நாங்கதான வந்து சொன்னோம்” என்றான். என் தோளில் கை வைத்தான்.

கோவிந்தம்மா நேராக என் எதிரில் வந்து நின்றாள். “நான் ஆஸ்பத்திரிக்குப் போலாமானு கேட்டனே. ஏன் வேணாம்னு சொன்ன?”

நான் அடித்துப் போட்டிருந்த பாம்பைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர்க்காரர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். குப்பத்தில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் மருந்து அடிக்க வேண்டும், பாம்பும் போக வேண்டும், எட்டுக்கால் பூச்சியும் போக வேண்டும் என்றார்கள். மேனேஜர் சரி என்றுவிட்டார். நாம் அடிக்கும் மருந்துக்குப் பாம்பு போகாது என்பது அவருக்கும் தெரியும். நான் குப்பத்துக்குப் போய் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். வலையைத் தூங்கும் அறையில் வைக்காதீர்கள், எலியை ஒழியுங்கள், கதவடிச் சந்தை அடையுங்கள், கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் கொசுவலையைக் கட்டிப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள், இதுதான் காப்பாற்றும், மருந்து காப்பாற்றாது என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே மிகவும் உண்மையான பேச்சு அதுதான்.

கூட்டத்தில் ஒருவர், வயதானவர், கோபமே இல்லாமல் சொன்னார். “அன்னிக்கும் இப்டித்தான் சார் சொன்ன. ஒண்ணும் பண்ணாதுனு. நீ மருந்த அடிச்சிட்டுப் போ.”

அடித்தேன். மூன்று நாள் வீடு வீடாக அடித்தேன். காலண்டருக்குப் பின்னால், ஓட்டு இடுக்கில், அலமாரி மூலையில் என்று எட்டுக்கால் பூச்சிகள் காலை மடக்கிக்கொண்டு விழுந்தன. பெண்கள் கூட்டி அள்ளினார்கள். அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. வலைக் குவியல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எலிகளும் இருந்தன. ஜனங்கள் தரையிலேயே படுத்தார்கள். நான் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மழைக்கு அதே குப்பத்தில் இன்னொருவரைக் கட்டுவிரியன் கடித்தது. அவர் பிழைத்துவிட்டார். காரணம் கோவிந்தம்மா. விரலில் எறும்பு கடித்தமாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதுமே, யாரையும் கேட்காமல், ஆட்டோவை வரவழைத்து ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். இப்போது அந்தக் குப்பத்தில் யாருக்கு என்ன கடித்தாலும் அவள்தான் இழுத்துக்கொண்டு ஓடுகிறாளாம். “கொசு கடிச்சாக்கூட ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போய் பேஜார் பண்ணுது” என்று ஊரில் சலித்துக்கொள்கிறார்கள். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

நான் அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். யாராவது பாட்டிலில் பூச்சியைக் கொண்டுவந்து காட்டினால் பேர் சொல்வேன், பழக்கம் சொல்வேன். கடித்தது இதுதானா என்று கேட்டால் தெரியாது, டாக்டரிடம் போங்கள் என்பேன். “இவ்ளோ வருசமா இருந்துகினு இதுகூடத் தெரியாதா சார்?” என்று கேட்பார்கள். தெரியாதுதான். நீங்கள் இப்போது வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்தே பதில் அனுப்புகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். படத்தில் பூச்சி மட்டும்தான் இருக்கும். கடிபட்டவரின் கண் இருக்காது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், ஒரு கல்யாணத்துக்காகப் பழவேற்காடு போயிருந்தேன். திரும்பிப் பொன்னேரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். பஸ் கிளம்பப் போகும் நேரத்தில் கோவிந்தம்மா மீன் கூடையோடு ஏறினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கூடையைக் கீழே தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள், என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். அவள் கூடையை மறுபடியும் இழுத்துத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள்.

அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கூடையில் மேலே போட்டிருந்த ஐஸ் அதுவரை தாங்காது. அது எனக்குத் தெரியும். நான் இறங்கிக்கொண்டு, அவளை ஏறிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.